அப்புச்சியின் சீசன் டிக்கெட்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை செல்லும் காலை ரயிலில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அன்று அந்தக் கல்லூரி மாணவிக்கு ஜன்னலோரமே கிடைத்திருந்தது. காரமடை தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் பெட்டிக்குள் வந்தார். அவள் சாவகாசமாகப் பையிலிருந்து போனை எடுத்தாள். திரை கறுப்பாக இருந்தது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினாள். காலியான பேட்டரியின் படம் ஒரு நொடி வந்து மறைந்தது.

முந்தின இரவு மழை. வீட்டில் கரண்ட் இல்லை. காலையில் கிளம்பும்போது 9 சதவீதம் இருந்தது. டிக்கெட்டைக் காட்ட அது போதும் என்று நினைத்திருந்தாள். பிளாட்பாரத்தில் நின்றபடி பார்த்த இரண்டு வீடியோக்கள் அந்த ஒன்பதையும் தின்றுவிட்டன.

“சீசன் டிக்கெட் இருக்குங்க சார். போன்லதான் இருக்குது...”

பரிசோதகர் கோபப்படவில்லை. “இருக்கும்மா, நீ சொன்னா நான் நம்பறேன். ஆனா நான் பார்க்கணுமே” என்றார்.

விதி அப்படித்தான். காகிதமில்லா டிக்கெட் எடுத்தவர் அதைப் போனில் காட்ட முடியாவிட்டால், டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவார். குறைந்தபட்சக் கூடுதல் கட்டணம் 250 ரூபாய்; அதோடு பயணக் கட்டணமும் சேரும். கையில் பணம் வேண்டும். அவள் பர்ஸில் இருந்தது 30 ரூபாய். மீதிப் பணமெல்லாம் அணைந்து கிடந்த அதே போனுக்குள்தான் இருந்தது.

பெட்டியில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். சிலர் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த, துடியலூரில் இறங்க வேண்டிய ஓர் அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எடுத்து நீட்டினார். “அழுகாத சாமி. நாளைக்கு இதே வண்டியிலதான் வருவேன், அப்பக் குடு” என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு வளர்ந்தது. அம்மா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: “ரயிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். காலேஜ் பஸ்ல சேர்ந்துக்கோ.”

சரக்கு ஆட்டோ ஓட்டும் அப்பா பதில் பேசவில்லை. முதல் வருடக் கல்லூரிக் கட்டணத்துக்கே நகையை அடகு வைத்திருந்தார்கள். கல்லூரிப் பேருந்துக்கு வருடத்துக்குப் பல ஆயிரம் ரூபாய். தினமும் போய்வர ரயில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் கோவைக் கல்லூரிக்கே விண்ணப்பம் போட்டார்கள். மகள் அதைச் சொல்ல நினைத்தாள். காலையில் நடந்தது தொண்டையில் வந்து நின்றது.

விஷயம் போனில் குன்னூருக்குப் போனது. அம்மாவின் அப்பா அங்கேதான் இருக்கிறார். கொங்குப் பக்க வழக்கப்படி அவளுக்கு அவர் அப்புச்சி. வயது 70. “ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் யாரும் எந்த முடிவும் எடுக்காதீங்க” என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் இறங்கி வந்தார். ஒரு கையில் வர்க்கிப் பொட்டலம். இன்னொரு கையில், மூடி துருப்பிடித்த பழைய பிஸ்கட் டப்பா.

டப்பாவுக்குள் கட்டுக்கட்டாகச் சீசன் டிக்கெட்டுகள். 1981-ல் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர் அவர். கார்டைட் ஃபேக்டரி என்றால்தான் அந்த ஊரில் தெரியும். 2015-ல் ஓய்வு. இடைப்பட்ட 34 வருடங்களில் மலை ரயிலில் ஏறாத வாரம் குறைவு. குன்னூரில் ஏறினால் வெலிங்டன், அடுத்தது அருவங்காடு. மழையோ பனியோ, அந்த நீலப் பெட்டிதான் அவருக்கு வேலைக்குப் போகும் வண்டி.

இன்று அந்த ரயிலைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் சுற்றுலாதான் நினைவுக்கு வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், அங்கிருந்து ஊட்டி வரை 1908-லும் ஓடத் தொடங்கிய ரயில் அது. மொத்தம் 46 கிலோமீட்டர். 16 சுரங்கங்கள், 208 வளைவுகள். 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து படம் எடுக்க வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஊட்டி மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்கும் அது அன்றாட வண்டியாகவும் இருந்தது. அந்த டப்பா அதற்குச் சாட்சி.

டப்பாவின் அடியில் ஒரு தடித்த அட்டை டிக்கெட் இருந்தது. இரண்டு விரல் அகலம்கூட இல்லை. குன்னூரிலிருந்து உதகமண்டலம். ஒரு மூலை வெட்டப்பட்டிருந்தது.

“இது யாருதுங்க அப்புச்சி?”

“உங்கம்மாளுது. அஞ்சு வயசு முடிஞ்சு முதல் மலர்க்காட்சி. அரை டிக்கெட். வெளிய வரும்போது டிக்கெட்டைக் குடுக்க மாட்டேன்னு ஒரே அழுகை. வாசல்ல நின்ன டிக்கெட் கலெக்டர் சிரிச்சுட்டே, நீயே வெச்சுக்க பாப்பான்னு விட்டுட்டார்.”

அம்மா அதை வாங்கிப் பார்த்தார். ஒரு வாரமாக இறுகியிருந்த முகம் கொஞ்சம் இளகியது.

இந்த அட்டை டிக்கெட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ரயில் வந்த புதிதில், ஒவ்வொரு பயணிக்கும் டிக்கெட்டைக் கையால் எழுதிக் கொடுப்பார்கள். தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்டேஷன் மாஸ்டர், முன்கூட்டியே அச்சிட்டு வரிசை எண் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்தார். தேதியை அழுத்திப் பதிக்க ஒரு சிறு இயந்திரம். 1840-களில் பரவத் தொடங்கிய அந்த முறை உலகமெங்கும் போனது. இந்தியாவிலும் கம்ப்யூட்டர் டிக்கெட் வரும்வரை அதுதான். அட்டையைச் செருகி எடுக்கும்போது வரும் ‘டக் டக்’ சத்தம் நடுத்தர வயதைக் கடந்த எல்லோருக்கும் நினைவிருக்கும்.

“அப்ப எல்லாம் நல்லா இருந்துச்சு, இப்பத்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்ல வந்தீங்களாங்க?” என்று பேத்தி கேட்டாள். குரலில் கொஞ்சம் கோபம்.

அப்புச்சி சிரித்தார். “எவன் சொன்னான்? மாசம் பொறந்தா சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க வரிசையில நிக்கணும். ஒரு தடவை வரிசையில நின்னே வண்டியை விட்டுட்டேன். அரை நாள் சம்பளம் போச்சு. இன்னொரு தடவை சட்டையை மாத்திப் போட்டுட்டு வந்துட்டேன். டிக்கெட்டு பழைய சட்டைப் பையில வீட்டுல. பத்து வருசமா என் மூஞ்சியைப் பார்த்த மனுசன்தான் செக்கிங் வந்தார். அவர் கேட்டார், நான் கட்டினேன். சீசன் டிக்கெட்டுன்னா கையில இருக்கணும். அப்பவும் அதான் சட்டம்.”

பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். தனக்கு மட்டும்தான் இப்படி நடந்தது என்று நான்கு நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

“அது கிடக்கட்டும் அம்மிணி. நீ டிக்கெட்டு எடுக்கறப்ப காலேஜ்ல சர்டிபிகேட் வாங்கினியா?”

“என்ன சர்டிபிகேட்டுங்க?”

“படிக்கிற பொண்ணுன்னு. அதைக் குடுத்தாத்தானே காசில்லாம சீசன் டிக்கெட் கிடைக்கும்?”

வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கும், 12-ஆம் வகுப்பு வரை மாணவர்களுக்கும், வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதாந்திர சீசன் டிக்கெட் இலவசம். மாணவிகளுக்கு 12-ஆம் வகுப்பு வரை என்று இருந்த சலுகையைப் பட்டப்படிப்பு வரை நீட்டித்தது 2008-ஆம் ஆண்டின் ரயில்வே பட்ஜெட். அப்போது ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத். அப்புச்சிக்கு அது எப்படித் தெரியும்? தன் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற நண்பர் தன் மகளுக்காகச் சான்றிதழை நீட்டியதைப் பார்த்திருக்கிறார். கவுண்ட்டரில் இருந்தவர் விளக்கியதைக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

பேத்தி டிக்கெட் எடுத்தது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில். புறப்படும் ஊர், சேரும் ஊர், ஒரு மாதமா மூன்று மாதமா என்று தேர்ந்தெடுத்தாள். பணம் கட்டினாள். பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று வந்தது. நீ படிக்கிறாயா, எங்கே படிக்கிறாய் என்று அவளிடம் யாரும் விசாரிக்கவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. வரிசையே இல்லாததால், முன்னால் நிற்பவர் என்ன கேட்கிறார் என்று காதில் விழவும் வழியில்லை.

சீசன் டிக்கெட் தொகை பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால் மாதாமாதம், மூன்று வருடம் என்று கணக்குப் போட்டால், அந்த வீட்டுக்கு அது பெரிய தொகைதான். அதைவிட, உரிமையாகக் கிடைக்க வேண்டிய ஒன்று தெரியாமலே போயிருக்கிறது என்பதுதான் அப்பாவை அசைத்தது. “மாமா, நாளைக்கே காலேஜ்ல கேட்கச் சொல்றேன்” என்றார்.

இந்தக் குழப்பம் மேட்டுப்பாளையத்துக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனியில் பான்கார்டு என்று ஒரு சலுகை அட்டை உண்டு. பணம் கட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டால், ரயில் டிக்கெட்டில் 25 அல்லது 50 சதவீதம் வரை தள்ளுபடி. நம் ஊர் ஏடிஎம் அட்டை மாதிரி பிளாஸ்டிக்கில் வந்துகொண்டிருந்த அதை, 2024 ஜூன் மாதம் முதல் போனுக்குள் மாற்றிவிட்டார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்கள் என்ன செய்வார்கள் என்று நுகர்வோர் அமைப்புகள் கேள்வி எழுப்பின. கடைசியில், போன் இல்லாதவர்களுக்காகக் காகிதத்தில் ஒரு மாற்று ஆவணம் தர ஏற்பாடு செய்தார்கள். அவ்வளவு வளர்ந்த நாட்டிலும், காகிதத்துக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் மாற்றம் படிப்படியாக வந்தது. இணையத்தில் முன்பதிவு 2002-ல் ஐஆர்சிடிசி மூலம் வந்தது. முன்பதிவில்லா டிக்கெட்டைப் போனில் எடுக்கும் யுடிஎஸ் செயலி 2014 டிசம்பரில் மும்பையில் தொடங்கியது. 2015-ல் சென்னைக்கு வந்தது. 2018-ல் நாடு முழுவதும் பரவியது. முன்பதிவு டிக்கெட், சாதாரண டிக்கெட் இரண்டையும் ஒரே இடத்தில் தரும் ரயில்ஒன் செயலி 2025 ஜூலை 1 அன்று வந்தது. வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். சில்லறைத் தகராறு இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நிஜமாகவே பெரிய உதவி. அப்புச்சியும் அதை மறுக்கவில்லை.

அவர் கேட்டது வேறு. “செயலியில டிக்கெட் எடுத்தா பேப்பர் வாங்கவே முடியாதா?”

முடியும். டிக்கெட் எடுக்கும்போதே காகித டிக்கெட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், பதிவு எண்ணைக் கொடுத்து, நிலையத்தில் உள்ள தானியங்கி இயந்திரத்திலோ கவுண்ட்டரிலோ அச்சிட்டுக்கொள்ளலாம். பேத்திக்கு அது தெரியும். காகிதம் எதற்கு என்று விட்டிருந்தாள். காகிதமில்லா டிக்கெட்டில் இன்னும் சில விஷயங்கள் உண்டு. திரையைப் படம் பிடித்து வைத்துக் காட்டினால் செல்லாது. எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியாது. அண்ணன் போனில் எடுத்துத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தங்கை டிக்கெட் இல்லாதவர்தான். எந்தப் போனில் எடுத்தோமோ, அந்தப் போன் உயிரோடு கூடவே வர வேண்டும்.

அடுத்த வாரம் கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டாள். “ரயில்வேக்கா? எங்ககிட்ட யாரும் கேட்கறதே இல்லையேம்மா” என்று அங்கே இருந்தவர் ஆச்சரியப்பட்டார். இரண்டு நாளில் முதல்வர் கையெழுத்தோடு கிடைத்தது. கையிலிருந்த சீசன் முடிகிற சமயத்தில், அதை எடுத்துக்கொண்டு அப்புச்சியோடு மேட்டுப்பாளையம் நிலையத்துக்குப் போனாள். கவுண்ட்டரில் வரிசை இருந்தது. இருபது நிமிடம் நின்றார்கள். சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் பார்த்துவிட்டு, கவுண்ட்டரில் இருந்தவர் ஒரு கேள்வி கேட்டார்.

“எந்த வருசம் படிக்கிற?”

“ஃபர்ஸ்ட் இயருங்க.”

“அப்ப இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. சர்டிபிகேட்டை ஒழுங்கா வாங்கிட்டு வந்துடு.”

பின்னால் நின்றிருந்த ஒரு பெண் அப்புச்சியின் தோளைத் தொட்டார். “என்ன சர்டிபிகேட்டுங்கய்யா அது? என் பொண்ணும் கோயமுத்தூர்லதான் படிக்குது.” அப்புச்சி ஓரமாக நின்று பொறுமையாக விளக்கினார். பேத்தி கல்லூரிப் பெயர் பலகையில் போட ஓர் அறிவிப்பு எழுதலாமா என்று யோசித்தாள். மறுநாள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். மாலைக்குள் ஒன்பது பேர் விவரம் கேட்டார்கள்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பும் வழியில் இருவரும் டீ குடித்தார்கள். “உங்களுக்குச் சலுகை இல்லைங்களா அப்புச்சி?” என்று கேட்டாள்.

“இருந்துச்சு. அறுபது முடிஞ்ச ஆம்பளைக்கு 40 சதவீதம். பொம்பளைன்னா 58-லயே பாதி டிக்கெட். ரிட்டயர் ஆகி அஞ்சு வருசம் நல்லா அனுபவிச்சேன். கொரோனா வந்துச்சு, 2020 மார்ச்ல நிறுத்தினாங்க.”

அவள் அவர் போனை வாங்கி, செயலியை இறக்கிக் கொடுத்தாள். ஆர்-வாலட் என்ற பணப்பையில் பணம் போட்டு அதிலிருந்து டிக்கெட் எடுத்தால் 3 சதவீதச் சலுகை உண்டு என்று விளக்கினாள். நூறு ரூபாய் போட்டார்கள்.

அப்புச்சி கணக்குப் போட்டுவிட்டுச் சிரித்தார். “நாப்பது போயி மூணு வந்திருக்குது. சரி, மூணை எதுக்கு விடணும்?”

அவருக்குப் பழக மூன்று நாட்கள் ஆனது. நிலையத்துக்குள் நின்றபடி எடுக்க முயன்றார், வரவில்லை. வெளியே இருந்து எடுக்க வேண்டும், உள்ளே வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். எழுத்து சிறிதாக இருந்தது; பெரிதாக்கித் தந்தாள். கடவுச்சொல்லை டைரியின் பின்பக்கத்தில் எழுதப்போனார். அதைத் தடுத்து, மறக்க முடியாத எண் ஒன்றை வைக்கச் சொன்னாள். எந்த எண் என்று அவளிடமும் அவர் சொல்லவில்லை. நடுவில் ஒரு முறை கோபம் வந்து, “உங்கப்பனை எடுத்துத் தரச் சொல்றேன் போ” என்றார்.

“எடுத்துத் தரலாமுங்க. அப்புறம் நீங்க எங்க போனாலும் அப்பாவும் கூட வரணும்” என்றாள் அவள்.

அப்புச்சி மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். 34 வருடம் யார் துணையும் இல்லாமல் ரயிலேறியவர். டிக்கெட் மகனுடைய, மருமகனுடைய போனில் இருந்தால் பயணமும் அவர்கள் சௌகரியத்துக்குத்தான் நடக்கும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. இதே காரணத்துக்காகத்தான் பல வீடுகளில் பெரியவர்கள் வெளியே கிளம்புவதையே குறைத்துக்கொள்கிறார்கள். கேட்டால் முட்டி வலி என்பார்கள்.

கல்லூரிப் பேருந்துப் பேச்சு அதற்குப் பிறகு வீட்டில் எழவில்லை. துடியலூர் அம்மாவுக்குப் பணம் மறுநாளே திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது அவர் ஏறும் நாட்களில் அவளுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைக்கிறார். அவருக்கும் மாதச் சீசன்தான். மூன்று மாதத்துக்கு ஒரேயடியாக எடுத்தால் 2.7 மாதக் காசுதான் ஆகும் என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, கோவையில் கண் பரிசோதனைக்காக அப்புச்சி அதே காலை ரயிலில் பேத்தியோடு போனார். காரமடை தாண்டியதும் பரிசோதகர் வந்தார். அதே மனிதர். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது.

பேத்தி கல்லூரி அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் கை விட்டு, நான்காக மடிக்காத காகிதச் சீசன் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். அவர் பார்த்துத் தலையசைத்துவிட்டு, “ஐயா, உங்களது?” என்று திரும்பினார்.

அப்புச்சி சட்டைப் பையிலிருந்து நிதானமாகப் போனை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு இடத்தில் தொட்டார். டிக்கெட் வந்தது. திரையின் மூலையில் 100 சதவீதம் என்று காட்டியது.

“நேத்து ராத்திரியே சார்ஜ் போட்டுட்டேன்” என்றார், யாரும் கேட்காமலே.